ஜோஸ்பின் கேட்ட நாற்பது நிமிடம்

போஸ்டரைப் பார்த்ததும் ஜோஸ்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில், மொபைல் கடைக்கும் இட்லிக் கடைக்கும் நடுவே ஒட்டியிருந்தார்கள். நட்டநடுவில் பாஸ்டர் கோயில்பிள்ளை ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி சிறப்பு விருந்தினர்கள் பதினோரு பேர், வட்ட வட்டமான படங்களில். சபையின் ஐம்பதாம் ஆண்டு விழா என்று தங்க நிறத்தில் எழுத்து. எல்லாவற்றுக்கும் அடியில், அச்சடித்தவனின் போன் நம்பருக்கு ஒரு வரி மேலே, 'இன்னிசை: சகோதரி ஜோஸ்பின், கீபோர்டு' என்று இருந்தது.

கீபோர்டாம். ஐம்பது வருஷமாகப் பியானோ வாசிக்கிறவளுக்கு அவள் தம்பி கொடுத்த பட்டம். அங்கேயே நின்று ரெனால்டுக்குப் போன் போட்டாள். ரெனால்ட் அந்த ரோட்டுக்குப் பின்னால்தான் தோல் பை பட்டறை வைத்திருந்தான். சபைக்குச் செயலாளரும் அவன்தான்.

"அக்கா, டென்ஷன் எடுக்காத. பியானோன்னு போட்டா ஏதோ பணக்காரங்க ஃபங்ஷன்னு நெனச்சி நம்ம ஆளுக வரமாட்டாங்க. கீபோர்டுன்னா சட்டுன்னு புரியும்லா. பியானோ வருதா இல்லியா, அதப் பாரு."

பியானோ வரத்தான் போகிறது. அதைச் சொல்லியே அவன் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்தான். சயானில் ஒரு ஹாலை எடுத்து, டவுனிலிருந்து ஒரு கிராண்ட் பியானோவை டெம்போவில் வரவழைத்து, சுருதி சரிபார்க்க முகைதீனையும் ஏற்பாடு செய்திருந்தான். அந்தப் பெருமையை அவனிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஆனால் ஜோஸ்பின் அவனிடம் கேட்டது பியானோவை மட்டும் அல்ல. நாற்பது நிமிடம் கேட்டிருந்தாள்.

அது ஒரு சொனாட்டா, பியானோவுக்கென்றே எழுதிய நீண்ட இசை. நான்கு பகுதிகள். எழுதிய ஜெர்மன்காரரின் பெயரைச் சொன்னால் ரெனால்டுக்கு வாயில் நுழையாது, அதனால் அவள் சொல்லவில்லை. முதல் பகுதி விஸ்தாரமானது, இரண்டாவது மெதுவாக அழுகிற மாதிரிப் போகும், மூன்றாவது குறும்பு, நான்காவது துள்ளிக்கொண்டு ஓடி முடியும். இருபத்திரண்டு வயதில் அதைக் கற்றாள். இப்போது ஐம்பத்தேழு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை ஜனங்களுக்கு முன்னால் முழுசாக வாசித்ததில்லை.

வாசிக்க விட்டால்தானே? அப்பா தாராவியில் தோலுக்குச் சாயம் போட்டவர். மாட்டுங்காவில் அவள் படித்த பள்ளியில் ஒரு பியானோ இருந்தது, அதற்கு ஒரு கண்டிப்பான பார்சி டீச்சரும் இருந்தாள். அங்கே ஆரம்பித்து, ஸ்காலர்ஷிப் வாங்கி, புடாபெஸ்ட்டில் இரண்டு வருஷம் படித்து, கச்சேரி பியானோ கலைஞர் என்று பம்பாயில் ஒரு உத்தியோகம் இருப்பதாக நம்பித் திரும்பி வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் பியானோவைக் கேட்கிறவர்கள் உண்டு, முழுசாகக் கேட்கிறவர்கள் கிடையாது. ஒரு தூதரகத்தில் பேச்சுக்கு முன்னால் பத்து நிமிடம் என்றார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டலில் மூன்று வருஷம் சூப்புக்கும் சாலட்டுக்கும் நடுவே வாசித்தாள். ஒரே ஒரு தனிக் கச்சேரிக்குத் தேதி கிடைத்தது; தலைமை தாங்க வந்தவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டாம் பகுதியோடு நிறுத்திப் பூச்செண்டு கொடுத்தார்கள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், அதையும் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார் ஒருத்தர் என்று சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு வயிற்றுப்பாட்டுக்குப் பாடம். செம்பூரில் இரண்டு அறை வீடு, ஒரு அறை முழுக்கப் பியானோ. முப்பது வருஷமாகப் பிள்ளைகள் வந்து போகிறார்கள். எல்லாருக்கும் கிரேடு பரீட்சைமேல்தான் கண். மாட்டுங்காவிலிருந்து வருகிற கௌசிக்கின் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்: "பரீட்சைக்கு மூணு பீஸ்தானே மேடம்? அது மட்டும் வந்தாப் போறும். மத்ததெல்லாம் எதுக்குக் கொழந்தையப் போட்டுப் படுத்தணும்?" வருஷத்துக்கு ஒரு பரீட்சையாக, கௌசிக் எட்டு வருஷத்தில் இருபத்துநாலு பீஸ் கற்றான். அதற்கு மேல் இருபத்தைந்தாவதாக ஒன்றை அவன் வாசித்து அவள் கேட்டதில்லை. போன ஜூனில் சர்டிபிகேட்டோடு லட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பியானோவை விற்கப்போவதாகச் சொன்னார்கள்.

இப்போது வலது கைக் கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்துவிட்டது. சயானில் பார்த்த டாக்டர் ஜனவரியில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார். வலி போய்விடும், பாடம் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் நீளமாக எதுவும் வாசிக்க முடியும் என்று நம்பவேண்டாம் என்றார். ஆண்டு விழா டிசம்பரில். ஜோஸ்பினுக்குக் கணக்கு சுலபமாகப் புரிந்தது. இந்த ஹாலில் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் இந்தச் சொனாட்டா அவள் கையிலிருந்து ஒருநாளும் முழுசாக வெளியே வரப்போவதில்லை.

அதனால்தான் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து மூன்று விஷயம் சொல்லியிருந்தாள். என் வாசிப்போடு கீர்த்தனை, கோரஸ் எதுவும் கலக்கக்கூடாது. எனக்குப் பொன்னாடை வேண்டாம். நான் பியானோ முன்னால் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கிற வரைக்கும் ஒருத்தரும் மைக்கைத் தொடக்கூடாது. மூன்றுக்கும் ரெனால்ட் பைபிள் மேல் கை வைக்காத குறையாகத் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. தாராவி, கோவண்டி, செம்பூர் என்று சபைக் குடும்பங்கள் மொத்தமும் வந்திருந்தன. பின்பக்கம் பிரியாணி அண்டாக்கள் இறங்கி, வாசனை ஏசி வழியாக மேடை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. எட்டரைக்கு ஹாலைக் காலி செய்துவிட வேண்டும். ஆறேகாலுக்கு நீ உட்கார்ந்துவிடலாம் என்று ரெனால்ட் சொல்லியிருந்ததை நம்பி, ஜோஸ்பின் ஐந்தே முக்காலிலிருந்து மேடையின் ஓரத்தில் கையைச் சுடுதண்ணீர்ப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆறேகாலுக்குப் பொன்னாடை ஆரம்பித்தது. ஐம்பதாம் ஆண்டு என்பதால் ஐம்பது பேருக்கு. ஒவ்வொருவரும் நடந்து வந்து, போர்த்திக்கொண்டு, போட்டோவுக்கு நின்று, குடும்பத்தையும் மேடைக்குக் கூப்பிட்டு, மறுபடியும் நின்றார்கள். பதினேழாவது ஆள் வந்தபோது அவள் ரெனால்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உண்மையிலேயே புண்பட்டுப்போனான். உனக்குப் பொன்னாடை வேண்டாம் என்றாய், உன் பெயரை அடித்துவிட்டேன், மற்றவர்களுக்கும் வேண்டாம் என்றா சொன்னாய் என்று கேட்டான். சபையிலேயே பொன்னாடை கிடைக்காத ஒரே ஆள் அன்றைக்கு அவள்தான் என்பதை அவன் ஒரு சாதனையாகவே சொன்னான்.

இதற்கிடையில் மிச்சப் பொன்னாடைகளையும் நினைவுப் பரிசுப் பெட்டிகளையும் வைக்க இடம் தேடிய வாலிபர் சங்கத்துக்காரர்கள், மேடையில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு நல்ல மேஜை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முகைதீன் பாய்ந்து வந்து பியானோவின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுக்காத குறையாக நின்றார். காயல்பட்டணத்துக்காரர், முப்பது வருஷமாகப் பம்பாயின் பியானோக்களைச் சரிசெய்கிறவர். யாரோ வைத்துவிட்டுப்போன மாம்பழ ஜூஸ் பாட்டிலைக் கையில் எடுத்து, அதையும் ஜோஸ்பினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை மேடைக்குக் கீழே இறக்கி வைத்தார். அந்த ஹாலில் அவள் மனசு புரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஏழு இருபதுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ரெனால்ட் தன் வாக்கைக் காப்பாற்றி மேடை மைக்குகள் அத்தனையையும் நிறுத்தச் செய்தான். எட்டரைக்கு இன்னும் எழுபது நிமிடம் இருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டு ஜோஸ்பின் உட்கார்ந்தாள்.

முதல் பகுதி அவள் நினைத்ததைவிட நன்றாக வந்தது. கட்டைவிரல் வலித்தது, ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்டது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது, யாரோ போனில் ஹலோ ஹலோ என்றார்கள், அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு நிமிடம். முடிந்ததும் கைதட்டினார்கள். நடுவில் தட்டக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள், தட்டட்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு இரண்டாம் பகுதியைத் தொட்டாள்.

முதல் வரிதான் வாசித்திருப்பாள். ஹாலில் ஒரு சலசலப்பு. கடைக்கண்ணால் பார்த்தாள். முதல் வரிசையில் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வரிசையிலும். அதற்குப் பின்னாலும். ஆண்கள் கையைக் கோத்துத் தலையைக் குனிந்தார்கள். மொத்த ஹாலும் கண்ணை மூடியது.

ஐயோ என்று இருந்தது ஜோஸ்பினுக்கு. என்ன நடக்கிறது என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஏனென்றால் செய்ததே அவள்தான்.

இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள்தான் வாசிக்கிறாள். பாஸ்டர் ஜெபம் செய்யும்போது பின்னால் மெதுவாக ஏதாவது வாசிக்கவேண்டும். அது இல்லாமல் அங்கே யாருக்கும் ஜெபம் வராது. எதை வாசித்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று, அவள் இந்த இரண்டாம் பகுதியை வாசித்தாள். ஆள்கள் முன்னால் வாசித்துப் பழக அவளுக்கு வேறு இடம் இல்லை. வாரா வாரம், பாஸ்டரின் குரல் ஏறினால் இவள் இறங்கி, அவர் மூச்சு வாங்கினால் இவள் கொஞ்சம் ஏறி, திருட்டுத்தனமாக ஜெர்மன்காரரை உள்ளே நுழைத்துவிட்டோம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது பலன் கிடைத்துக்கொண்டிருந்தது.

பாஸ்டர் கோயில்பிள்ளை முதல் வரிசையில் எழுந்து நின்றார். மேடை மைக்குகளை நிறுத்தியிருந்தார்கள், சரிதான். அவர் எங்கே போனாலும் ஸ்பீக்கரோடு சேர்ந்த சொந்த மைக்கைக் கோட்டுப் பைக்குள் கொண்டுபோகிறவர் என்பதை ரெனால்ட் மறந்திருந்தான். எடுத்தார், தட்டினார், ஆரம்பித்தார்.

"அன்பின் பரலோகப் பிதாவே..."

ஜோஸ்பின் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். நிறுத்தவேண்டும் என்று தோன்றுவதற்குள் அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே சத்தத்தைக் குறைத்துவிட்டன. அவர் குரலுக்கு இடம் விட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி, பின்னால் போய் நின்றுகொண்டன. பாஸ்டர்மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கைகள்மேல் வந்த கோபம் பெரியதாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் என்னமாய்ப் பழகிவிட்டன.

பாஸ்டர் சபைக்காக ஸ்தோத்திரம் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கும் தனித்தனியாகச் சொன்னார். பிறகு அவள் பக்கம் வந்தார். எங்கள் சகோதரி ஜோஸ்பினுக்காக நன்றி செலுத்துகிறோம் ஆண்டவரே, கலியாண வீட்டிலும் துக்க வீட்டிலும் வாசித்தார்களே, எங்கள் ஜெபங்களுக்கெல்லாம் பின்னணியாக இருந்தார்களே, இந்த ஊழியத்துக்காகவே அவர்களைத் தாயின் கருவிலே தெரிந்துகொண்டீரே என்றார். மனசாரத்தான் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. புடாபெஸ்ட்டும் பார்சி டீச்சரும் தினம் ஆறு மணி நேரமும், எல்லாம் சேர்ந்து ஒருவருடைய பேச்சுக்குப் பின்னணி என்று கணக்கு முடிந்துவிட்டது.

ஜோஸ்பின் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சத்தம் நின்றதும் பாஸ்டரின் வாக்கியமும் நடுவழியில் நின்றது. 'மேலும் கர்த்தாவே' என்றவர் அதற்கு மேல் என்ன என்று தெரியாமல் திணறினார். ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. அவர் மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் விலக்கி, அன்பாகவே சொன்னார்.

"வாசிங்க சிஸ்டர். ஜெபம் இன்னும் முடியல."

"நான் வாசிக்கதும் முடியல ஐயா."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை என்பதை அவர் முகம் காட்டியது. "இந்த மியூசிக் வந்தா ஜெபம்தானம்மா? நீங்கதான எங்கள அப்படிப் பழக்குனிய?"

 அந்த மனுஷன் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. ஜோஸ்பினுக்கு மேடையிலேயே தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

"நான்தான் பழக்குனேன்," என்றாள். "தப்பு என் பேர்ல. ஆனா இது ஜெபத்துக்குப் பின்னால வாசிக்கதுக்கு உள்ளது இல்ல. இது நாப்பது நிமிசம் உள்ள ஒரு முழுப் பாட்டு, நடுவுல யாரும் பேசக் கூடாது. முப்பத்தஞ்சு வருசமா என்னய ஒருத்தரும் முழுசா வாசிக்க விடல. ஜனவரிக்குப் பிறவு இந்தக் கையால முடியாது. இன்னைக்கி ஒருநாள் கண்ணத் தெறந்து கேளுங்க. மொதல்ல இருந்து வாசிக்கப்போறேன்."

ஹாலில் பின்பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது, அது பிரியாணிக்காக. ரெனால்ட் பக்கவாட்டிலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். "அக்கா, விட்ட எடத்துல இருந்து எடுத்தா பத்தாதா," என்று கெஞ்சினான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் சின்ன வயதில் அவளுடைய நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துக் காற்றாடி செய்தபோது பார்த்த அதே பார்வை. அவன் கடிகாரத்தை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

முகைதீன் மேடையிலிருந்து இறங்கி, நேராகப் பாஸ்டரிடம் போய், மரியாதையாக உள்ளங்கையை நீட்டினார். பாஸ்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்து உட்கார்ந்தார். மணி ஏழே முக்கால். நாற்பது போக ஐந்து நிமிடம் மிச்சம் என்று ஜோஸ்பின் கணக்குப் போட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை முதல் பகுதி அத்தனை நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோபத்தில் வாசித்தாள். இரண்டு இடத்தில் விரல் தவறியது. இருபது முப்பது பேர் எழுந்து பிரியாணிப் பக்கம் போனார்கள். போகட்டும், இருக்கிறவர்கள் கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். யாரும் கைதட்டவில்லை; தட்டினால் அதற்கும் திட்டுவாளோ என்ற பயமாக இருக்கலாம். இரண்டாம் பகுதிக்குப் போனாள்.

முதல் வரிதான். மறுபடியும் அந்தச் சலசலப்பு.

அவளால் நம்ப முடியவில்லை. இப்போதுதானே, இருபது நிமிடம்கூட ஆகவில்லை, வாய்விட்டுச் சொன்னாள். அத்தனை முக்காடும் மறுபடி தலைக்கு ஏறியிருந்தது. பாஸ்டர் உட்கார்ந்தபடியே குனிந்திருந்தார். மைக் இல்லாத அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எழுந்து நின்று, கண்ணைத் திறங்களேன் சனியன்களா என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினால் இதுவும் பாதியில் நிற்கும். அதனால் வாசித்தாள்.

ஆனால் யாரும் பேசவில்லை. அதைக் கொஞ்சம் பொறுத்துத்தான் கவனித்தாள். நடுவில் ஓர் இடத்தில் இந்தப் பாட்டு குரலை உயர்த்தி அழும். ஜெபத்துக்குப் பின்னால் வாசிக்கும்போது அந்த இடத்தை எப்போதும் அமுக்கித்தான் வாசித்திருக்கிறாள், பாஸ்டரின் குரல் மூழ்கிவிடுமே என்று. இன்றைக்கு மூழ்குவதற்கு எதுவும் இல்லை. தோளின் பலத்தை எல்லாம் கைக்கு இறக்கி, எழுதியிருக்கிறபடி வாசித்தாள். முதல் வரிசையில் ஒரு பெண் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தாள், கண்ணைத் திறக்காமலே. பல வருஷமாகக் கேட்ட பாட்டுக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்தது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் பகுதி முடிந்த இடத்தில் ஜோஸ்பின் ஒரு மூச்சுக்குக்கூட இடைவெளி விடவில்லை. விட்டால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அப்படியே மூன்றாவதுக்குள் இறங்கி, அங்கிருந்து நான்காவதுக்குத் தாவினாள். கட்டைவிரலில் ஊசி இறங்குகிற மாதிரி வலி முழங்கை வரைக்கும் ஏறியது. பாட்டோ துள்ளிக்கொண்டு ஓடியது, கல்யாண வீட்டுப் பிள்ளைகளைப் போல. இன்னும் இரண்டு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று தன்னையே விரட்டிக்கொண்டு போய், கடைசி ஸ்வரக்கட்டை இரண்டு கையாலும் அறைந்து, கைகளை மேலே தூக்கினாள்.

முடிந்துவிட்டது. முழுசாக.

 அவள் தூக்கிய கைகளை இறக்காமல் காத்திருந்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவள் மனசுக்குள் ஆயிரம் தடவை கேட்ட கைதட்டல் இப்போது வரவேண்டும். வரவில்லை. பாஸ்டர் நடுவழியில் விட்ட ஜெபத்தை அவர்கள் கண்ணை மூடி அவரவர் போக்கில் தொடர்ந்திருக்கிறார்கள். இவள் அதை முடிக்க ஒரு நொடிகூடக் கொடுக்காமல் துரத்திக்கொண்டு போயிருக்கிறாள். துள்ளலும் ஓட்டமுமாகப் போன அந்தப் பதினைந்து நிமிடமும், முடிக்காத ஜெபத்தோடு, போட்ட முக்காட்டோடு காத்திருந்திருக்கிறார்கள்.

மைக் இல்லாமல் பாஸ்டர் கோயில்பிள்ளை தலையை நிமிர்த்தினார். "ஆமென்," என்றார்.

"ஆமென்," என்றது ஹால் மொத்தமும், ஒரே குரலில், அவ்வளவு நிறைவாக. முக்காடுகள் தோளுக்கு இறங்கின. எல்லோரும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

துள்ளி ஆடுகிற முடிவுக்கு ஆமெனா? ஜோஸ்பினுக்கு அழுகையும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இவர்களைத் திருத்தவே முடியாது. ஆனால் இந்த நாற்பது நிமிடத்தில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை, ஒருத்தர்கூட அவளை நிறுத்தவில்லை. பம்பாய் முழுக்கத் தேடியும் கிடைக்காதது அது. அவள் எழுந்து, வீங்கிப்போன வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, சபையைப் பார்த்து நின்றாள்.

"ஆமென்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.